கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் ஒரு பக்கம்



பாளையங்கோட்டை
ஜூன் 28

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த கையோடு இலக்கிய மன்றம், நுண்கலை மன்றம், ஆண்டு மலர் மூன்றையும் உன்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள், பாடம் நடத்தவே நேரம் போதவில்லை, இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில் புதிதாக வருகிற தமிழம்மாவிடம் இந்த மூன்றும் போய்ச் சேருவது காலங்காலமாக நடப்பதுதான். நீ கவலையோடு எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற வேலை, இத்தனை சிறு வயதிலேயே உனக்கு வாய்த்திருக்கிறது.

உன்னுடையது பத்தாம் வகுப்போடு முடிகிற உயர்நிலைப்பள்ளி. அதற்கு மேல் ஒருத்தி தூத்துக்குடிக்குப் படிக்கப் போவாள், ஒருத்தி திருச்செந்தூருக்குப் போவாள், ஒருத்தியை வீட்டிலேயே நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். ஆறிலிருந்து பத்து வரைக்கும் உள்ள அந்த ஐந்து வருஷம்தான் உன் கையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஆண்டு மலர். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்திருப்பாய். ஆயர் ஆண்டகையின் ஆசியுரை, தாளாளர் வாழ்த்து, தலைமையாசிரியை அறிக்கை, வகுப்புவாரியாகக் குழுப்படம், அதன்பிறகு பிள்ளைகளின் படைப்புகள். அவற்றில் பாதி நாள்காட்டித் தாளில் வருகிற பொன்மொழி. மீதி, அம்மாவைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ எங்கேயோ பார்த்து எழுதிய கவிதை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. “நாளைக்கு ஆளுக்கு ஒன்று எழுதிட்டு வாங்க” என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் அதைத்தான் கொண்டுவரும். அந்த மலரோடு நீ மல்லுக்கு நிற்காதே. அதற்கும் ஒரு வேலை உண்டு. பள்ளிக்கு உதவி செய்தவர்களுக்கு வருஷத்துக் கதையைச் சொல்லும். என்றைக்கோ படித்துப்போன ஒரு மாணவி குழந்தையும் கையுமாக வந்து தன் வகுப்புப் படத்தைத் தேடுவாள். அச்சகத்துக்காரர் கேட்கிற தேதியில் அதை முடித்துக் கொடுத்துவிடு. ஆனால் அதுதான் பிள்ளைகளின் பத்திரிகை என்று இருந்துவிடாதே. அவர்களுக்கென்று வேறொன்று வேண்டும். அது கையெழுத்துப் பத்திரிகையாக இருக்கட்டும்.

பதினாறு பக்கம் போதும். ஏ4 தாள் நான்கை மடித்து நடுவில் இரண்டு பின் அடித்தால் 16 பக்கம் வந்துவிடும். இப்படி மடிக்கிற பத்திரிகையில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், ஒரு பக்கம் மட்டும் சேர்க்க முடியாது என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. வெற்றுத்தாளில் டம்மி மடித்துப் பக்க எண் போடச் சொல். பிரித்து வைத்தால் 1-க்குப் பக்கத்தில் 16 நிற்கும், 2-க்குப் பக்கத்தில் 15 நிற்கும். அதைப் பார்த்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் போகிற போக்கை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கறுப்புப் பேனாவில் எழுதட்டும். நீல மை ஜெராக்ஸில் வெளிறிப்போகும், பென்சில் படம் பாதி காணாமல் போகும். நாங்கள் ஸ்டென்சிலில் குத்தி சைக்ளோஸ்டைல் எடுத்த காலத்தில் கை முழுக்க மை அப்பிக்கொள்ளும். உனக்கு அந்தப் பாடு இல்லை.

இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம்மிடம் இருக்கிற மிகப் பழைய நூலைப் பற்றிச் சொல். 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ அது. அதற்கும் 16 பக்கம்தான். அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் நீ இப்போது வேலை பார்க்கிற முத்துக்குளித்துறைக் கரையிலேயே வாழ்ந்து, அந்த ஜனங்களிடம் தமிழ் படித்தவர். உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முப்பாட்டன்மார் பேசிய தமிழ்தான் முதலில் அச்சு ஏறியது. இதை அந்தப் பிள்ளைகளிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ சொல்.

ஆசிரியர் குழுவில் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பைப் பரீட்சை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு இதழுக்கும் ஆசிரியை மாற வேண்டும். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளையே வருஷம் முழுக்க ஆசிரியையாக இருந்தால் மற்றப் பிள்ளைகள் அதை அவளுடைய நோட்டு என்று நினைத்துவிடுவார்கள். எதைப் போடுவது, எதை விடுவது என்பதை அவர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நீ அறையில் இரு, ஆனால் கடைசியில் உட்கார். அவர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும். ஒரு கதை ஏன் நன்றாக இருக்கிறது என்று இன்னொருத்திக்கு விளக்கிச் சொல்கிற இடத்தில்தான் அந்தப் பிள்ளை படிக்கவே கற்றுக்கொள்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. “போர்டிங் பிள்ளைகள் எழுத வர மாட்டேங்குறாங்க, எழுத்துப் பிழை நிறைய” என்று எழுதியிருக்கிறாய். மகளே, வை.மு. கோதைநாயகியைப் பற்றி நீ எம்.ஏ.யில் படித்திருப்பாய். பள்ளிக்கூடம் போகாத பெண். அவர் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்தப் பெண்தான் 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். உன் போர்டிங்கிலும் ராத்திரி விளக்கணைத்த பிறகு கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற ஒருத்தி கட்டாயம் இருப்பாள். நல்ல கையெழுத்து உள்ள ஒருத்தியை அவள் பக்கத்தில் உட்கார வை. ஒருத்தி சொல்லட்டும், ஒருத்தி எழுதட்டும். கதைக்குக் கீழே இரண்டு பேர் பெயரையும் போடு. பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிறகுதான் பத்திரிகையில் இடம் என்றால், எழுதிப் பழகவே அவளுக்கு இடம் கிடைக்காமல் போய்விடும்.

திருத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதுதான் எனக்கு முக்கியம்.

உங்கள் கெபியில் குழந்தை தெரேசாள் சுரூபம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த அம்மாள் தன் சரித்திரத்தை எழுதத் தொடங்கியது 1895-ல், பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண நோட்டில். அவர் இருந்த மடத்துக்குத் தலைவியாக இருந்த சொந்த அக்கா போலின் கேட்டுக்கொண்டதால் எழுதினார். 1897-ல், 24 வயதில் இறந்துபோனார். மறு வருஷம் அந்த அக்காவே அதைப் புத்தகமாக வெளியிட்டார். வெளியிடும் முன்பு ஆயிரக்கணக்கான இடங்களில் கை வைத்துத் திருத்தினார். தங்கை எழுதியபடியே உலகம் படிப்பதற்கு 1956 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அக்காவுக்குத் தங்கை மேல் உயிர். நன்றாக வர வேண்டும் என்கிற ஆசையில்தான் அத்தனையும் திருத்தினார். தமிழ் டீச்சர்களாகிய நம்முடைய ஆபத்தும் அந்த ஆசைதான். ஒரு பிள்ளை “கச்சான் காத்து தொடங்கிட்டு, அப்பா கடலுக்குப் போகல” என்று எழுதிக் கொண்டுவந்தால் நம் சிவப்புப் பேனா உடனே அதை “மேற்குத் திசைக் காற்று வீசியதால்” என்று ஆக்கிவிடும். அந்த ஒரு திருத்தத்தில் அப்பாவும் போய்விடுவார், கடலும் போய்விடும். அந்தக் கரையின் பேச்சை வைத்தே உவரிக்காரரான ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ எழுதினார். ‘கொற்கை’ நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். ஒற்று விட்டுப்போனால் போடு. ர, ற மாறினால் மாற்று. வாக்கியத்தைத் தொடாதே. எந்த இடம் புரியவில்லையோ அந்த இடத்தில் அவளைக் கூப்பிட்டு, “இது எனக்குப் புரியல, சொல்லு” என்று கேள். வாயால் சரியாகச் சொல்லுவாள். சொன்னதை அப்படியே எழுதச் சொல்.

இப்படிப் பிள்ளைகள் மனம் விட்டு எழுதத் தொடங்கினால் ஒரு நாள் உன் மேஜைக்கு வேறு மாதிரி ஒரு தாள் வரும். அப்பா குடித்துவிட்டு வருவதை எழுதியிருப்பாள். அம்மா மூக்குத்தியை அடகு வைத்ததை எழுதியிருப்பாள். படித்தவுடன் உனக்குத் தொண்டை அடைக்கும், இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று தோன்றும். அவசரப்படாதே. சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பெயரை எடுத்துவிட்டாலும் யார் வீட்டுக் கதை என்று கோயில் வாசலில் கண்டுபிடித்துவிடுவார்கள், அடி விழுவது அந்தப் பிள்ளைக்குத்தான். தாளை வாங்கி வை, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல், ஒரு வாரம் கழித்து அவளிடமே கேள். போட வேண்டாம் என்றால் விட்டுவிடு. அவள் எழுதினாள், நீ படித்தாய், அதுவே அவளுக்குப் பெரிது. ஆனால் யாரோ அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்பது மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால் அது பத்திரிகை விஷயமே கிடையாது. அன்றைக்கே தலைமையாசிரியை சிஸ்டரிடம் போ. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய். போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிக்கு அவப்பெயர் வரும் என்று யாராவது தயங்கினால் நீ தயங்காதே.

இனி மேடை.

நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாதாவாக நிற்பதற்கு ஒரு சிவந்த பிள்ளையைத் தேடுவார்கள். கறுத்த பிள்ளைகள் இடையர்கள். என்னைப் போன்றவர்கள் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்போம். வருஷா வருஷம் அதே வரிசை. எங்களில் நன்றாகப் பாடுகிறவள் இருந்தாள், நன்றாக வசனம் பேசுகிறவள் இருந்தாள். யாரும் கேட்டதில்லை. நிறத்துக்குப் பின்னால் சாதியும் இருந்தது என்பது அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரியும். 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது, மடத்துக்குள்ளேயே இருந்து வெளியே வந்த ஒரு பெண் இதையெல்லாம் எழுதிவிட்டாளே என்று ஒரே மூச்சில் படித்தேன். உன் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வாங்கி வை. நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளையும் வசனம் பேச வைத்துக் குரலைக் கேட்டு எடு. இந்த வருஷம் மாதா கறுப்பாக இருக்கட்டும். நாசரேத்தூர்ப் பெண் வெயிலில் தண்ணீர் சுமந்தவள் என்று கேட்பவர்களிடம் சொல்.

வாடகை உடுப்பு எடுக்கிற டான்ஸை மெல்லக் குறைத்துக்கொள். காசு கொடுக்க முடியாத பிள்ளை ‘எனக்கு டான்ஸ் பிடிக்காது’ என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிடும், உண்மைக் காரணம் உனக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாக வில்லுப்பாட்டு வை. நம் தென்மாவட்டத்துக் கலை, கேட்டுக் கேட்டுக் காதில் ஊறினது. வில்லும் குடமும் உடுக்கும் ஒரு தடவை கிடைத்துவிட்டால் பல வருஷம் ஓடும். உடுப்பு பள்ளிச் சீருடையே போதும். ஒருத்தி முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் ‘ஆமாம்’ போட, கதையைப் பிள்ளைகளே கட்டலாம். உங்கள் கரையில் ஞானசவுந்தரி கதை தெரியாத பாட்டி இருக்க மாட்டார். 1948-ல் சினிமாவாகவும் வந்தது. கை வெட்டுண்ட பெண்ணுக்கு மாதா கை கொடுத்த கதை. பாட்டிகளிடம் கேட்டு எழுதி வரச் சொல், அதையே வில்லுப்பாட்டாகக் கட்டலாம், பத்திரிகைக்கும் இரண்டு பக்கம் ஆயிற்று.

மைக் கட்டுவது, திரை இழுப்பது, விளக்குப் போடுவது எதற்கும் வெளியாளைக் கூப்பிடாதே. சவுண்ட் சர்வீஸ் தம்பி சாமானை இறக்கிவைத்து, எப்படி என்று ஒரு தடவை காட்டிவிட்டுப் போகட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளியில் பெஞ்சு தூக்குகிறது, ஒயர் இழுக்கிறது எல்லாம் தானாகப் பையன்கள் கைக்குப் போய்விடும். பெண்கள் பள்ளியில் ராஜாவும் அவள்தான், மந்திரியும் அவள்தான், ஏணியில் ஏறி விளக்குக் கட்டுகிறவளும் அவள்தான். பெண்கள் பள்ளி என்று ஒன்று இருப்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

தலைமையாசிரியை சிஸ்டர் நாடகம் என்றாலே முகம் சுளிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் பாடு அவருக்கு. ரிசல்ட் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மரியாதையாகப் போய் உட்கார்ந்து பேசு. குழந்தை தெரேசாள் மடத்துக்குள்ளேயே எட்டு நாடகம் எழுதியவர் என்று சொல். ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி மட்டும் இரண்டு எழுதி, தாமே ஜோனாக நடித்தார். வாளோடு நிற்கிற போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. 1895-ல் நடித்தபோது மேடையில் விளக்கிலிருந்து தீப்பற்றி, மயிரிழையில் தப்பினார். (அதனால் நம் நாடகத்தில் மெழுகுதிரி வேண்டாம், பேட்டரி விளக்கு வாங்கிக்கொள்.) இன்னொன்றும் சொல். புதுச்சேரியில் 1844-ல் தமிழ்ப் பெண் குழந்தைகளின் படிப்புக்கென்று ஒரு கன்னியர் சபையைத் தொடங்கிய துய்ப்பூயி சாமியார்தான், அதற்குச் சில வருஷம் முன்பு அங்கே மிஷன் அச்சுக்கூடத்தையும் தொடங்கியவர். தமிழ்-பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். பெண்பிள்ளைகளின் படிப்பும் அச்சு எழுத்தும் நம் திருச்சபையில் ஒரே கையால் வளர்ந்தவை. நீ புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

உன் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் இல்லை. உள்ளூர் இந்துப் பிள்ளைகள் இருப்பார்கள், காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். பத்திரிகை முழுக்க மாதா பாட்டும் புதுமைக் கதையும் வந்தால் அந்தப் பிள்ளைகள் ஓரமாக நின்றுவிடுவார்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறதைப் பற்றி ஒருத்தி எழுதட்டும். கொடை விழாவில் கண்ட கணியான் கூத்தைப் பற்றி ஒருத்தி எழுதட்டும். மற்றவர்கள் அதைப் படித்து, கேள்வி கேட்கட்டும்.

தேதி விஷயமாக ஒன்று. ஜூலை 26-லிருந்து ஆகஸ்டு 5 வரைக்கும் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. பாதி வகுப்பு வராது, வந்தாலும் மனசு தேரடியில் இருக்கும். அந்த நாட்களில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. திருவிழா முடிந்து வந்தவுடன் எழுதச் சொல், கொட்டித் தீர்ப்பார்கள். முதல் இதழை ஆகஸ்டு 15-க்கு வைத்துக்கொள். விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வருவதால் பெற்றோரும் வருவார்கள், வாசித்துக் காட்டலாம். அதுவரைக்கும் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்து. பசை போட்டு ஒட்டாதே. உங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டு நாளில் உரிந்து விழும். கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை மன்றத்துக்கென்று கேட்டு வாங்கிவிடு, வாங்கியதைக் கணக்கு டீச்சருக்கு விட்டுக்கொடுத்துவிடாதே. ஒத்திகையைச் சாப்பாட்டு நேரத்தில் வை. சாயங்காலம் வைத்தால் பஸ் பிடிக்கிற பிள்ளைகள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மா உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளுக்குப் போன் செய்.

முதல் இதழ் வந்ததும் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பு. வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், எனக்குத் தாளாகவே வேண்டும். எழுதிய பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன் என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பெரியம்மா